எர்துக்ருலும் இப்னு பீபியும்: சின்னத்திரை வரலாறு குறித்து ஒரு பார்வையாளனின் குறிப்புகள்

ஹிஜ்ரி 1441ஆம் ஆண்டின் ரமழான், கி.பி. 2020 ஏப்ரல் 25 அன்று தொடங்கிற்று. ஊரடங்கினால் பள்ளிவாசல்கள் அடைபட்டுக் கிடந்தன. தராவீஹ் தொழுகையை அவரவர் இல்லங்களிலேயே நிறைவேற்றி வந்த அந்நாள்களில்தான் ‘திரிலிஷ் எர்துக்ருல்’ என்னும் துருக்கிய நெடுந்தொடர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. துருக்கி அரசுத் தொலைக்காட்சியான டி.ஆர்.டி. அதனை 2014 டிசம்பர் முதல் 2019 மே வரை ஐந்து பருவங்களாக ஒளிபரப்பி முடித்திருந்தது. அதே ரமழான் முதல் நாளில் பாகிஸ்தான் தொலைக்காட்சி உருது மொழிமாற்றத்தைத் தொடங்கவே, எல்லை கடந்து அலைபேசிகள் வழியே அது பரவலாயிற்று. உருது அறியாத எங்கள் வீட்டார் ஆங்கிலத் துணையுரையைத் துணைக்கொண்டனர். பேரப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று பக்கத்தில் அமர்ந்த நான், மூன்றாம் நாள் முதல் அவர்களுக்கு முன்னதாகவே அமரத் தொடங்கினேன் என்பதை மறைப்பதற்கில்லை.

இக்கட்டுரையை எழுத நேர்ந்தது ஒரு தவற்றினால், அத்தவறு என்னுடையது. 2021இல் எங்கள் மஹல்லாவில் நடைபெற்ற மீலாத் கூட்டத்தில் உரையாற்றிய நான், ஷைகுல் அக்பர் முஹ்யித்தீன் இப்னு அரபி (ரஹ்) அவர்கள் எர்துக்ருல் காஸியின் காயத்துக்கு மருந்திட்டதையும், அவர் வழித்தோன்றல்கள் மூன்று கண்டங்களை ஆள்வர் என்று துஆச் செய்ததையும் உள்ளம் உருக எடுத்துரைத்தேன். அவையில் பலர் கண் கலங்கினர். கூட்டம் முடிந்ததும், இளமையில் எனக்கு அரபி இலக்கணம் கற்பித்த முதிய ஆலிம் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “நல்லாப் பேசினீங்க தம்பி. எந்தக் கிதாபிலே பார்த்தீங்க?” என்று கேட்டார். அவர் குறையாகக் கேட்கவில்லை. தாமும் படித்துப் பார்க்கவே விரும்பினார். எனக்கு விடை கூற நா எழவில்லை. அக்காட்சியை நான் எந்தக் கிதாபிலும் பார்க்கவில்லை, திரையில் பார்த்திருந்தேன். பார்த்தது எது, படித்தது எது என்ற வேறுபாடு என் நினைவிலேயே அழிந்துபோயிருந்தது. நாற்பதாண்டுக் காலம் வரலாற்று நூல்களோடு பழகியவனுக்கே இந்நிலையெனில், பதினான்கு வயதுப் பேரனின் நிலை என்ன?

அன்று தொடங்கிய தேடலில் கிடைத்தவற்றை வாசக அன்பர்களின் முன் வைக்கிறேன்.

முதலில் எர்துக்ருலைப் பற்றி. உஸ்மானியப் பேரரசுக்குத் தம் பெயரை வழங்கிய முதலாம் உஸ்மானின் தந்தை அவர் என்பதில் ஐயமில்லை. உஸ்மான் வெளியிட்டதாகக் கருதப்படும் நாணயமொன்றில் ‘உஸ்மான் இப்னு எர்துக்ருல்’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. அதற்கப்பால், அவர் வாழ்ந்த காலத்தில் எழுதப்பட்ட நூல் எதிலும் அவர் பெயர் இல்லை. உஸ்மானின் பெயரே சமகால ஏடொன்றில், பைஸாந்திய வரலாற்றாசிரியர் பக்கிமெரிஸ் எழுதிய நூலில், 1302ஆம் ஆண்டின் பஃபியூஸ் போரையொட்டித்தான் தலைகாட்டுகிறது. ஆஷிக் பாஷா ஸாதா, நஷ்ரீ முதலிய உஸ்மானிய வரலாற்றாசிரியர்கள் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதியவர்கள். எர்துக்ருல் மறைந்ததாகக் கூறப்படும் 1280ஆம் ஆண்டுக்கும் அவர்களுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கிடக்கின்றன. ஹதீஸ் கலையில் சிறிதேனும் பயிற்சியுள்ளோர்க்கு இவ்விடைவெளியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலே அதனை ‘முன்கதிஃ’ என்கிறோம். இங்கே தொடரே இல்லை.

தந்தை யார் என்பதிலும் கருத்தொற்றுமை இல்லை. ஆஷிக் பாஷா ஸாதாவும் அவர் வழி வந்தோரும் சுலைமான் ஷா என்பர். வேறு சில பழைய ஏடுகள் குன்துஸ் அல்ப் என்கின்றன. சுலைமான் ஷா யூப்ரடீஸ் ஆற்றைக் கடக்கையில் மூழ்கி இறந்தார் என்பது மரபுக் கதை. அனத்தோலியாவில் ஸல்ஜூக் ஆட்சிக்கு அடித்தளமிட்ட சுலைமான் இப்னு குத்தல்மிஷ் 1086இல் ஹலப் நகருக்கு அருகில் மாண்டவர். அவருடைய கதையே பெயர் ஒற்றுமையால் இவர்மீது ஏற்றப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். ஆயினும் அக்கல்லறைக்குக் கிடைத்த மதிப்பைப் பாருங்கள். 1921இல் பிரான்சும் துருக்கியும் செய்துகொண்ட அங்காரா உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, சிரியாவில் கல்அத் ஜஅபர் கோட்டையருகே இருந்த அவ்வடக்கத்தலத்தைத் துருக்கியின் உடைமையாக ஏற்றுக் காவலர் வைக்கவும் கொடி ஏற்றவும் உரிமை அளித்தது. அணைக்கட்டு நீர் சூழவிருந்ததால் 1970களில் அது வடக்கே இடம் மாறிற்று. 2015 பிப்ரவரியில் துருக்கியப் படை பீரங்கி வண்டிகளோடு எல்லை தாண்டிச் சென்று, அடக்கத்தலத்தை எல்லையோரச் சிற்றூர் ஒன்றுக்குக் கொண்டுவந்தது. தொடரின் முதற்பருவத்தில் சுலைமான் ஷா குலத்தலைவராக வீற்றிருந்து ஆணையிட்டுக்கொண்டிருந்த வாரங்களிலேயே இது நடந்தது.

எர்துக்ருல் மீதான போற்றுதலைத் தொலைக்காட்சி தொடங்கி வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோகுத் நகரிலுள்ள அவர் அடக்கத்தலத்தைப் புதுப்பித்தவர் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது. அவர் காலத்தில் ஜப்பானுக்கு நல்லெண்ணப் பயணமாகச் சென்று, 1890 செப்டம்பரில் புயலில் சிக்கி ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கிய போர்க்கப்பலின் பெயரும் ‘எர்துக்ருல்’தான். அரசு ஆட்டங்காணும் காலத்தில் மூதாதையர் வளர்கின்றனர்.

இனி, என்னை நாணச் செய்த காட்சிக்கு வருவோம். இப்னு அரபி (ரஹ்) ஹிஜ்ரி 560இல் (1165) அந்தலுஸின் முர்ஸியா நகரில் பிறந்தார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனத்தோலியாவுக்கு வந்து மலத்தியா, கொன்யா நகரங்களில் வாழ்ந்தார் என்பது உண்மை. ஸல்ஜூக் சுல்தான் முதலாம் கைகாவூஸுடன் அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது; சுல்தானுக்கு அவர் எழுதிய அறிவுரைக் கடிதமொன்றைத் தம் ‘அல்ஃபுதூஹாத்துல் மக்கிய்யா’வின் இறுதி அத்தியாயத்தில் தாமே சேர்த்திருக்கிறார். ஆனால் ஹிஜ்ரி 620இல் (1223) திமிஷ்கில் நிலையாகக் குடியேறி, 638இல் (1240) அங்கேயே மறைந்தார். தொடரின் கதை 1220களின் நடுப்பகுதியில் தொடங்குவதாகக் கொண்டால், ஷைகு அவர்கள் காடு மலைகளில் கோவேறு கழுதைமீது சுற்றித் திரிந்த காலமன்று அது. திமிஷ்கில் அமர்ந்து பாடஞ் சொல்லியும் ‘ஃபுஸூஸுல் ஹிகம்’ எழுதியும் வந்த காலம். எர்துக்ருல் என்ற பெயருடைய துருக்மானியர் ஒருவரைச் சந்தித்ததாக அவருடைய நூல்கள் எதுவும் குறிப்பிடவில்லை.

அவ்வாறாயின் இருவரையும் இணைக்கும் எண்ணம் திரைக்கதை ஆசிரியரின் சொந்தக் கற்பனைதானா? அங்குதான் எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. 1516இல் சுல்தான் முதலாம் ஸலீம் திமிஷ்கைக் கைப்பற்றினார். கவனிப்பாரற்றுக் கிடந்த ஷைகின் கபுறைக் கண்டறிந்து, அங்கே பள்ளிவாசலும் அடக்கத்தலமும் எழுப்பினார். ‘ஸீன்’ ‘ஷீன்’னுக்குள் நுழையும்போது முஹ்யித்தீனின் கபுறு வெளிப்படும் என்று ஷைகு முன்னுரைத்ததாக ஒரு வாக்கு வழங்கலாயிற்று, ஸீன் என்றால் ஸலீம், ஷீன் என்றால் ஷாம். உஸ்மானிய அரசின் எழுச்சியை முன்னறிவிப்பதாக ‘அஷ்ஷஜரத்துந் நுஃமானிய்யா’ என்றொரு சிறுநூலும் அவர் பெயரில் உலவிற்று. அது அவர் எழுதியதன்று, பிற்காலத்தார் புனைந்தது என்பதே ஆய்வாளர் முடிபு. ஆக, ஷைகையும் உஸ்மானியரையும் இணைத்த கதைக்கு ஏறத்தாழ ஐந்நூறு வயது. திரைக்கதை ஆசிரியர் அதனைப் பின்னோக்கி இழுத்து எர்துக்ருலின் கூடாரத்துக்குள் வைத்தார். நான் அதனை மீலாத் மேடைக்கு ஏற்றினேன். பொய்க்கும் ஒரு ஸனது உண்டு போலும்.

மெய்போலத் தோன்றுவது வேறு, மெய்யாக நிகழ்ந்தது வேறு. இத்தொடரில் முன்னது பெரிதும் அமைந்திருக்கிறது. குலத்தவர் கூடாரங்கள், பெண்கள் தறியில் அமர்ந்து கம்பளம் நெய்வது, குளிர்காலத்துக்கும் கோடைக்கும் மேய்ச்சல் நிலம் தேடி இடம்பெயரும் துயரம், ஆடு மாடு சாகத் தொடங்கினால் குலமே சாகும் என்ற அச்சம் ஆகியவை உயிரோட்டத்துடன் காட்டப்பட்டுள்ளன. மங்கோலியர் துரத்தக் கிழக்கிலிருந்து அனத்தோலியாவுக்குள் அலை அலையாக வந்த துருக்மானியரின் வாழ்வு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை நூல்களில் படித்தபோது எனக்குத் தோன்றாத நெருக்கம் திரையில் கிட்டிற்று. இந்த நன்றியை மறுக்க மாட்டேன். ஆனால் இடரும் இங்கிருந்தே பிறக்கிறது. கூடாரத்தின் கயிறு மெய்யாக இருப்பதால் கூடாரத்துக்குள் பேசப்படுவதும் மெய்யென்று மனம் ஏற்றுக்கொள்கிறது.

ஹலப் நகர்க் காட்சிகள் இதற்குத் தக்க சான்று. அங்கே அமீர் அல்அஸீஸ் வளர்ந்த இளைஞராக அரியணையில் வீற்றிருக்கிறார், ஒற்றர் வலையில் சிக்குகிறார், எர்துக்ருலால் மீட்கப்படுகிறார். சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் பேரரான அல்அஸீஸ் முஹம்மத் பிறந்தது ஹிஜ்ரி 610இல் (1213). மூன்று வயதில் அவர் பெயரால் ஆட்சி தொடங்கிற்று. கதை நிகழும் காலத்தில் அவருக்குப் பன்னிரண்டு வயதளவே ஆகியிருக்கும். ஹலபை உண்மையில் ஆண்டவர் அதாபக் ஷிஹாபுத்தீன் துக்ரில் என்னும் விடுதலை பெற்ற அடிமை; 1231 வரை ஆட்சிப் பொறுப்பு அவர் கையிலிருந்தது. ஹலபைக் காத்த ஒரு ‘துக்ரில்’ வரலாற்றில் இருக்கத்தான் செய்கிறார். அவர் நம் கதாநாயகர் அல்லர்.

இதினும் எனக்கு வருத்தமளிப்பது மற்றொன்று. அல்அஸீஸின் தாயார் ளைஃபா காத்தூன், சுல்தான் அல்ஆதிலின் மகளார். 1236இல் மகன் இறந்ததும், சிறுவனான பேரனின் பெயரால் 1242இல் தாம் மறையும்வரை ஹலபை ஆண்டவர் அவ்வம்மையாரே. மங்கோலியரும் குவாரிஸ்மியரும் ஸல்ஜூக்கியரும் நாற்புறமும் நெருக்கிய காலத்தில் அந்நகரைச் சிதையாமல் காத்தார். அவர் எழுப்பிய மத்ரஸத்துல் ஃபிர்தவ்ஸ் ஐயூபியர் கட்டடக் கலையின் சிறந்த சின்னங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. இத்தகைய மெய்யான பெண்மணி வரலாற்றில் காத்திருக்க, ஸல்ஜூக் இளவரசியாகக் காட்டப்படும் ஹலீமாவுக்குப் புனைந்த வம்ச வரலாறு எதற்கு? உஸ்மானின் தாயார் யார் என்பதைத் தொடக்ககால ஏடுகள் உறுதிபடச் சொல்லவில்லை. இளவரசி என்பதற்கோ எள்ளளவும் ஆதாரமில்லை.

தொடரின் பெரும் பகையாளி ஸஅதுத்தீன் கோபெக் புனைவுப் பாத்திரம் அல்லர். சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத், அவர் மகன் கியாஸுத்தீன் கைகுஸ்ரூ ஆகியோரின் அவையில் உயர்ந்து, எதிரிகளை ஒவ்வொருவராக ஒழித்தவர் என்பதற்குச் சான்று உண்டு. அக்கால வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதி 1281 அளவில் நிறைவு செய்த இப்னு பீபியே அச்சான்று. ஆனால் கோபெக் கட்டடக் கலையிலும் கைதேர்ந்தவர். கைகுபாதின் ஏரிக்கரை அரண்மனையான குபாதாபாதின் பணி அவர் மேற்பார்வையில் நடந்தது. கொன்யாவுக்கு அருகே 1236 அளவில் அவர் கட்டிய வணிகர் சத்திரம் இன்றும் நிற்கிறது. திரையில் அவர் எர்துக்ருலின் வாளால் மடிகிறார். இப்னு பீபி கூறுவதோ வேறு: கோபெக்குக்கு அஞ்சிய இளம் சுல்தானே சிவாஸ் நகர அதிகாரி ஹுஸாமுத்தீன் கராஜாவை வரவழைத்து அவரைக் கொல்வித்தார். உடலை இரும்புக் கூண்டிலிட்டுத் தொங்கவிட்டனர். கூண்டு அறுந்து விழுந்து கீழே நின்ற ஒருவன் மாண்டான். செத்த பின்னும் இவன் தீங்கு செய்கிறானே என்று சுல்தான் சொன்னாராம். எந்தத் திரைக்கதை ஆசிரியராலும் இதைவிடச் சிறந்த முடிவை எழுதியிருக்க இயலாது என்பேன். கைக்கெட்டும் தொலைவில் கிடந்ததை எடுக்காமல் விட்டனர். காரணம், அதில் எர்துக்ருலுக்கு இடமில்லை.

துர்குத் அல்ப், அப்துர்ரஹ்மான் அல்ப் ஆகியோரின் நிலையும் இதுவே. உஸ்மானிய மரபுப்படி துர்குத், உஸ்மானுக்காக இனேகோலை வென்றவர். அப்துர்ரஹ்மான், உஸ்மானின் மகன் ஓர்ஹான் காலத்தில் அய்தோஸ் கோட்டையைக் கைப்பற்றியவர். நூறாண்டு முன்னதாகவே அவர்களை எர்துக்ருலின் தோழர்களாக்கிக் கோடரியும் வாளும் கொடுத்துவிட்டது தொடர். ‘நோயான்’ என்பதும் ஆளின் பெயரன்று. மங்கோலியப் படைத்தலைவருக்குரிய பட்டம். ஹிஜ்ரி 641 முஹர்ரத்தில் (1243 ஜூன்) கோஸே தாஃ போர்க்களத்தில் ஸல்ஜூக் படையை முறியடித்தவர் பாய்ஜு நோயான். அத்தோல்விக்குப் பின் கொன்யா மங்கோலியருக்குத் திறை செலுத்தும் அரசாயிற்று. வலுவிழந்த அந்த மையத்திலிருந்து தொலைவில், பைஸாந்திய எல்லையோரத்தில் இருந்தமையே எர்துக்ருலின் சிறு குலத்துக்கு வாய்ப்பாக அமைந்தது. இந்தச் சலிப்பூட்டும் உண்மைக்குத் திரையில் இடமில்லை. அங்கே எல்லாம் சதியால் விளைகின்றன, எல்லாம் வாளால் தீர்கின்றன.

இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வின் தொடக்கத்தில், மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு லட்சம் பேர் இருந்ததாக மஸ்ஊதி முதலியோர் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்துணைப் பேர் ஒரு களத்தில் எவ்வாறு அணிவகுக்க இயலும், ஒரு முனையில் நிற்பவனுக்கு மறுமுனையில் நடப்பது எவ்வாறு தெரியும் என்று கேட்கிறார். அறிவிப்பவரின் நேர்மையை மட்டும் பார்த்தால் போதாது, சொல்லப்பட்டது மனித வாழ்வின் இயல்புக்கு ஒத்ததா என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பழைய ஏடுகள் எர்துக்ருலுடன் வந்தோர் நானூறு அளவினர் என்கின்றன. ஐந்து பருவங்களில் அவர்கள் வெட்டிச் சாய்த்தோரை என் பேரன் எண்ணத் தொடங்கி, இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே ஏட்டை மூடிவிட்டான். மார்பில் அம்பு தைத்தவர் மூன்றாம் நாள் குதிரையேறுவதை அவனே கேலி செய்தான். இப்னு கல்தூனை அவன் படித்ததில்லை.

எனினும் தொடரை ஆக்கியோரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கதையும் மாந்தரும் வரலாற்றிலிருந்து தூண்டுதல் பெற்றவை என்று ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அறிவிக்கின்றனர். அக்காலத்தைப் பற்றிக் கிடைக்கும் செய்தி சில பக்கங்களே என்று தயாரிப்பாளர் மெஹ்மத் போஸ்தாவும் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். அறிவிப்பைப் படிக்காமல் தாண்டியவர்கள் நாம். கதைசொல்லிகள்பால் எச்சரிக்கை நம் மரபுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 597இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி, கதைசொல்வோரையும் உபதேசிப்போரையும் பற்றித் தனி நூலே எழுதினார். அவரே பக்தாதில் பெருங்கூட்டத்தை உருக வைத்த உபதேசி என்பதை மறக்கலாகாது. கதை கூடாது என்பதன்று அவர் சொன்னது. கதையை அறிவிப்பென்று விற்பதையே கடிந்தார். நம் தமிழ் முஸ்லிம் புலவர்கள் பாடிய படைப்போர் இலக்கியங்களிலும் கற்பனைப் போர்களும் மிகைப்பட்ட வீரமும் நிறைந்துள்ளன. அவற்றைக் கேட்டுக் களித்த நம் பாட்டன்மார், அவற்றை ஸீறாவுக்கான ஆதாரமாகக் கொண்டனர் என்று நான் நினைக்கவில்லை. பாட்டும் இசையும் ‘இது காப்பியம்’ என்று ஓயாது நினைவூட்டின. ஒளிப்படக்கருவி அவ்வாறு நினைவூட்டுவதில்லை.

திரையில் வரலாறு அரசியலின் ஆயுதமாவதையும் கண்டுவருகிறோம். சுல்தான் சுலைமானைப் பற்றிய ‘முஹ்தஷெம் யூஸ்யில்’ தொடர் 2011இல் தொடங்கியது. சுல்தானை அந்தப்புரத்திலேயே அடைத்துக் காட்டுகிறது என்று 2012இல் அன்றைய பிரதமர் எர்தோகானே கடிந்துகொண்டார்; முப்பதாண்டுகள் குதிரைமீது கழித்தவரல்லவா சுலைமான் என்பது அவர் வாதம். எர்துக்ருல் தொடருக்கு எதிரொலி போல, 2019 நவம்பரில் அரபு நாட்டுத் தொலைக்காட்சியில் ‘மமாலிகுந் நார்’ வெளிவந்தது. அதில் உஸ்மானியர் கொடியோர். 1517இல் கெய்ரோவின் ஸுவைலா வாயிலில் தூக்கிலிடப்பட்ட மம்லூக் சுல்தான் தூமான் பாயே நாயகர். ஷைகின் கபுறைப் புதுப்பித்த அதே ஸலீம், இங்கே இரக்கமற்ற கொலைஞர். இரு தொடர்களிலும் குருதி ஒரே நிறம். யாருடைய நாட்டுப் பணம் என்பதைப் பொறுத்து நல்லோர் தீயோர் மாறுகின்றனர்.

பொறுப்புடன் செய்தோரும் உண்டு. ஹிஜ்ரி 1433 ரமழானில் (2012) ஒளிபரப்பான ‘உமர்’ தொடரை வலீத் ஸைஃப் எழுத, ஹாத்திம் அலி இயக்கினார். எழுத்துப்படியை டாக்டர் யூசுஃப் அல்கர்ளாவி, அலீ அஸ்ஸல்லாபி முதலிய அறிஞர் குழு ஆய்ந்தது. கலீஃபாக்களை நடிகர் வடிவில் காட்டுவது தகாது என்று அல்அஸ்ஹர் எதிர்த்தது. அவ்வெதிர்ப்பின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் செய்தியின் செம்மை என்ற ஒன்றை மட்டும் அளந்தால், எர்துக்ருல் தொடர் அதன் அருகிலும் வர இயலாது. ‘உமர்’ தொடரின் ஆசிரியருக்குக் கையில் தபரீயும் பலாதுரீயும் இருந்தனர். எர்துக்ருல் ஆசிரியருக்கு வெற்றுத்தாள். ஒருவேளை நம் மக்கள் பின்னதை மிகுதியாக விரும்பியதற்கும் அவ்வெற்றுத்தாளே காரணமாகலாம்.

2020இல் லாகூரின் குடியிருப்பொன்றில் எர்துக்ருல் காஸிக்குச் சிலை எழுப்பினர். குதிரைமீது வாளேந்திய அவ்வுருவத்துக்கு, வேடமேற்ற நடிகர் எங்கின் அல்தான் தூஸ்யாதானின் சாயல். அதே ஆண்டில் துருக்கியின் ஓர்து நகரிலும் நிறுவப்பட்ட சிலையொன்று நடிகரைப் போலிருக்கிறது என்று கண்டனம் எழவே அகற்றப்பட்டது. முகமறியா ஒருவருக்கு இப்போது முகம் வந்துவிட்டது. இனி அதனை மாற்றுவது எளிதன்று.

முதிய ஆலிமிடம் சென்று, கிதாபு ஏதுமில்லை, திரையில் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அவர் சிரித்துவிட்டு, “அடுத்த மீலாதிலே அதையே சொல்லிடுங்க” என்றார். சொன்னேன். அவையில் இம்முறை எவரும் கண் கலங்கவில்லை. பின்வரிசை இளைஞர் சிலர் முகம் சுளித்தனர். கூட்டம் கலைந்தபின் அவர்களுள் ஒருவர் வந்து, “அப்ப ஹலபை ஆண்டது யாரு காக்கா?” என்று சற்றே சினத்துடன் கேட்டார். ளைஃபா காத்தூனின் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்டுத் தம் அலைபேசியில் குறித்துக்கொண்டார்.